பழைய ஆங்கிலம் படிக்க ஜான்சன் அகராதி: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பழைய ஆங்கில நாவலோ கட்டுரையோ படிக்கும்போது தெரியாத சொல் வந்தால் உடனே அகராதியைத் திறந்துவிடுவோம், அதில் பிரச்சினையே இல்லை. ஆளைக் கவிழ்ப்பது நமக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள்தான். சாமுவேல் ஜான்சன் 1755இல் லண்டனில் வெளியிட்ட ஆங்கில அகராதியை நான் இன்னமும் பக்கத்திலேயே வைத்திருப்பது அதனால்தான்.

‘கேண்டிட்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு மனதில் பட்டதை ஒளிக்காமல் பேசுகிறவரை அப்படிச் சொல்கிறோம். ஜான்சனில் முதல் பொருள் வெள்ளை, அடுத்தது கெட்ட எண்ணமோ வஞ்சமோ இல்லாதவர். ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் எலிசபெத் தன் அக்கா ஜேனை இந்தச் சொல்லால் பாராட்டுகிறாள். யாரைப் பார்த்தாலும் நல்லதை மட்டுமே எடுத்துக்கொண்டு கெட்டதைப் பற்றி வாயே திறக்காதவள் என்பது அங்கே பொருள். இன்றைய பொருளை வைத்துப் படித்தால் ஜேனின் குணமே தலைகீழாகிவிடும். அதே நாவலில் காலின்ஸ் என்ற பாதிரியார், தன்னை ஆதரிக்கும் உயர்குலப் பெண்மணி லேடி கேத்தரினின் ‘காண்டிசென்ஷன்’ பற்றி ஓயாமல் புகழ்வார். இப்போது அதற்கு இளக்காரம் என்ற வாடை வந்துவிட்டது, ஆனால் மேல்நிலையில் இருப்பவர் தானாக இறங்கி வந்து மற்றவரோடு சமமாகப் பழகுவது என்கிறார் ஜான்சன். இன்று உற்சாகம் என்று பொருள்படும் ‘என்தூசியாசம்’ இன்னும் ஆச்சரியம், ஜான்சனில் அதன் பொருள்: கடவுள் தனக்கு மட்டும் நேரடியாக அருள்வாக்கு தருகிறார் என்ற வீண் நம்பிக்கை! 18ஆம் நூற்றாண்டுப் பிரசங்கங்களில் இது ஏன் வசைச்சொல்லாக வருகிறது என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

பொருளைவிட மேற்கோள்களுக்காகத்தான் நான் அதிகம் திறக்கிறேன். 42,000க்கு மேற்பட்ட சொற்களுக்குச் சுமார் 1,14,000 மேற்கோள்கள், ஷேக்ஸ்பியர், மில்டன், டிரைடன் என்று வரிசையாக. ஜான்சன் புத்தகங்களைப் படித்து அடிக்கோடிட்டுக் கொடுக்க, லண்டன் காஃப் ஸ்கொயரில் அவர் குடியிருந்த வீட்டின் மாடியில் உதவியாளர்கள் அவற்றைப் படியெடுத்தார்கள், அந்த வீடு இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது. ‘டேக்’ என்ற ஒரு சின்ன வினைச்சொல்லுக்கு மட்டும் 134 பொருள்கள் பிரித்திருக்கிறார். ஒரு பொருளைத் தேடிப் போய், மேற்கோளில் மாட்டி, அப்புறம் அந்த மூல நூலையே படிக்கப் போய்விடுவேன். வேறு எந்த அகராதியும் என்னை இப்படி இழுத்ததில்லை.

குறைகளும் இருக்கின்றன. சொற்பிறப்பை நம்பவே வேண்டாம், அதற்கு ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதிதான் சரி. உச்சரிப்புக்கு அழுத்தக் குறி மட்டும்தான் உண்டு. மேற்கோள்களுக்குப் பெரும்பாலும் பக்க எண் இருக்காது, சிலவற்றை அவரே சுருக்கியும் மாற்றியும் இருக்கிறார், அதனால் அங்கிருந்து அப்படியே எடுத்துக் கட்டுரையில் போட்டுவிடாதீர்கள். சில விளக்கங்கள் சொல்லைவிடக் கடினம், ‘நெட்வொர்க்’ பார்த்தால் தெரியும். ஓட்ஸ் என்பது இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவது, ஸ்காட்லாந்தில் மனிதர்கள் சாப்பிடுவது என்ற மாதிரி சொந்த விருப்பு வெறுப்பும் உள்ளே வரும். எனக்கு அது பிடிக்கும், ஆனால் பொருளையும் அபிப்பிராயத்தையும் பிரித்துப் படிக்கத் தெரிய வேண்டும்.

ஸ்கேன் செய்த பக்கங்களில் படித்தால் அந்தக் கால அச்சின் நீளமான ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போலவே தெரியும், கொஞ்ச நாளில் கண் பழகிவிடும். அகரவரிசையில் ‘ஐ’யும் ‘ஜே’யும் ஒன்றாகக் கலந்திருக்கும், ‘யு’வும் ‘வி’யும் அப்படியே, தேடும் சொல் இல்லை என்று முடிவு கட்டும் முன் இதை நினைவில் வையுங்கள்.

1755 முதல் பதிப்பையும், ஜான்சனே திருத்திய 1773 நான்காம் பதிப்பையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அச்சில் வாங்குவதாக இருந்தால் முழுப் பதிப்பா, சுருக்கமா என்று கேட்டு வாங்குங்கள். 1756இல் வந்த சுருக்கப் பதிப்பில் மேற்கோள்களை எடுத்துவிட்டு ஆசிரியர் பெயரை மட்டும் வைத்தார்கள், அவசரத்துக்குப் பொருள் பார்க்க அது போதும், நான் மேலே சொன்ன வேலைக்கு உதவாது.