கன்சல்டன்சி வழியாகக் கம்பெனி வேலை: 5க்கு 2.5

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர் பக்கம் ஐடிஐ, டிப்ளமோ சான்றிதழோடு போகிறவர்களைச் சீக்கிரமே உற்பத்தி லைனில் நிறுத்திவிடும் கன்சல்டன்சிகள் (கம்பெனிகளுக்குக் கான்ட்ராக்டில் ஆள் அனுப்பும் ஏஜென்சிகள்) நிறைய. கொடுத்த மார்க்கில் முக்கால்வாசி அந்த வேகத்துக்குத்தான். மார்க்கைக் குறைப்பது சம்பளச் சீட்டு.

போஸ்டரில் "17,000 சம்பளம்" என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் சிடிசி, அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. கணக்கு இப்படி வரும்: மொத்தச் சம்பளம் 15,000, கம்பெனி பங்கு பிஎஃப் 12 சதவீதம் 1,800, ஈஎஸ்ஐ 3.25 சதவீதம் 488. கூட்டினால் 17,288, அதாவது 17,000 சொச்சம். இனி உங்கள் பங்கு: பிஎஃப் 1,800, ஈஎஸ்ஐ 0.75 சதவீதம் 113. கைக்கு வருவது 13,087. பஸ், கேன்டீன், ரூம் பிடித்தம் இதற்கும் பிறகு. ஆஃபர் லெட்டரில் மொத்தச் சம்பளமே 17,000 என்று எழுதிவிட்டுக் கம்பெனி பங்கையும் அதிலிருந்து பிடித்தால் அது சட்டப்படி தப்பு. சிடிசி என்று எழுதியிருந்தால் வாதாட முடியாது. சேரும் முன் அந்த ஒரு வார்த்தையைத் தேடுங்கள்.

பிடித்த பணம் கட்டப்படுகிறதா என்பது அடுத்தது. பிஎஃப் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். உமங் ஆப்பில் பாஸ்புக்கைப் பாருங்கள். சீட்டில் பிடித்திருந்தும் பாஸ்புக்கில் இரண்டு மாதம் காலி என்றால் விலகும் நேரம் அது. பழைய யுஏஎன் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) இருந்தால் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அவசரத்தில் புதிதாக ஒன்று போட்டுவிட்டால், இரண்டையும் இணைக்க நீங்கள்தான் அலைய வேண்டும்.

ஓடி-யில்தான் (கூடுதல் நேர வேலை) அதிகம் பணம் போகிறது. 15,000ஐ 26 நாளுக்கும் 8 மணிக்கும் வகுத்தால் மணிக்கு 72 ரூபாய், ஓடி-க்குத் தர வேண்டிய இரட்டிப்பு 144. சீட்டில் "இன்சென்டிவ்" என்ற பெயரில் வந்தால் ஒற்றைச் சம்பளம்தான் கொடுத்திருப்பார்கள், வகுத்துப் பாருங்கள்.

11 மாதத்தில் ஒரு வாரம் "பிரேக்", திரும்பி வந்தால் வேறு கான்ட்ராக்டர் பெயரில் ஐடி கார்டு. லைன் அதே, சூப்பர்வைசர் அதே. காரணம் தமிழ்நாட்டின் 1981 நிரந்தரத் தகுதிச் சட்டம்: 24 மாதத்தில் 480 நாள் தொடர் பணி செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். அந்தக் கணக்கைத் துண்டிக்கத்தான் இந்தப் பிரேக். பழைய கார்டு, சீட்டுகளைத் தூக்கிப் போட்டால் கேட்பதற்கு ஆதாரமே இருக்காது. ஈஎஸ்ஐ-யும் அடிபடும். நோய்க்கால உதவித்தொகைக்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு வேண்டும்; இடைவெளி நீண்டால் அந்த எண் எட்டாது.

"ட்ரெய்னி" என்றால் இன்னும் கவனம். பயிற்சியாளர் சட்டத்தின் கீழ் பதிவானவருக்கு உதவித்தொகை மட்டும்தான், பிஎஃப் கிடையாது. அரசின் பயிற்சியாளர் போர்ட்டலில் பதிவான ஒப்பந்த எண் கேளுங்கள். தராவிட்டால் அது பயிற்சி அல்ல, மலிவான லைன் வேலை.

கம்பெனியே நேரடியாக எழுதும் குறித்தகால ஒப்பந்தம் கிடைத்தால் அதையே எடுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புப்படி ஓராண்டிலேயே கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. உங்களிடமே பதிவுக் கட்டணம் கேட்கும் கன்சல்டன்சிக்கு மார்க் பூஜ்யம். அவர்களுக்குக் கமிஷன் கம்பெனி தருகிறது.

விலகும்போது பிஎஃப் கணக்கில் வெளியேறிய தேதி போடச் சொல்லுங்கள். போடாவிட்டால், கடைசிப் பங்களிப்பிலிருந்து இரண்டு மாதம் கழித்து பிஎஃப் போர்ட்டலில் நீங்களே போடலாம்.