சமூக ஊடகமும் என் மனநிலையும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

சமூக ஊடகத்தைப் பல வருடமாகத் தினமும் பயன்படுத்துகிறேன். எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதைவிட, அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் என் மனநிலையை மாற்றுகிறது.

சிங்கப்பூரில் செம்பவாங்கிலிருந்து டோபி காட் வரை எம்ஆர்டி ரயிலில் போகும்போது, காரைக்குடி அத்தையோடு குரல் செய்தி பரிமாறிக்கொண்டே வந்தால் இறங்கும்போது மனசு லேசாக இருக்கும். அதே தூரம் குட்டி வீடியோக்களை மட்டும் தள்ளிக்கொண்டு வந்தால், ஆபீஸ் வாசலிலேயே எரிச்சல். யாராவது நலம் விசாரித்தால்கூட வெடுக்கென்று பதில் வரும். தீபாவளி வாரம் இன்னும் மோசம். புதுப்பட்டு, புது சோபா, வரிசையாக அடுக்கிய முறுக்கு ஜாடிகள் என்று ஒவ்வொரு வீட்டு ஓப்பன் ஹவுஸ் (பண்டிகை விருந்து) படமும் வந்து விழும். தேக்கா கடைத்தெருக் கூட்டத்தில் இடிபட்டு ஆசையாக வாங்கி வந்த என் புடவை, அரை மணி நேரத்தில் எனக்கே சாதாரணமாகத் தெரியத் தொடங்கும்.

முடிவே இல்லாமல் கீழே போய்க்கொண்டிருக்கும் திரை வடிவத்தை 2006இல் உருவாக்கிய ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டுப் பேசினார். முன்பெல்லாம் பக்கம் முடியும், 'அடுத்து' என்று அழுத்த வேண்டும். 'போதும்' என்று தோன்ற அந்த ஒரு நொடி இருந்தது.

செட்டிங்ஸில் நான் மாற்றிப் பார்த்தவற்றில் அதிகம் உதவியது நோட்டிஃபிகேஷனை நிறுத்தியதுதான். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கியது சில நாளில் கண்ணுக்குப் பழகிவிட்டது. நேர வரம்பு ஒரே தட்டலில் தள்ளிப்போகிறது, அதை நம்ப வேண்டாம்.

பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. 143 மாணவர்களில் ஒரு பிரிவினர் ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்கு 10 நிமிடமாகக் குறைத்தார்கள். மூன்று வாரத்தில் அவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. வழக்கம்போலப் பயன்படுத்திய மற்றவர்களுக்கும் பதற்றம் குறைந்திருந்தது. தங்கள் பயன்பாட்டைத் தாங்களே கவனித்தது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கு இதில் முழு நம்பிக்கை உண்டு. செயலியை மூடியதும் 'இப்போது எப்படி இருக்கிறது?' என்று மனசைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்தபின், பாதி கணக்குகளைப் பின்தொடர்வதையே விட்டுவிட்டேன்.

உயர்நிலை இரண்டில் படிக்கும் மகளைப் பார்த்தால்தான் கவலை அதிகம். படம் போட்டுவிட்டு, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்து, லைக் ஏறுகிறதா என்று பார்ப்பாள். ஏறாவிட்டால் படத்தையே நீக்கிவிடுவாள், அப்புறம் அன்றைக்கு முழுக்கப் பேச்சு இருக்காது. 2026 ஜனவரியிலிருந்து சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளை உட்படப் பள்ளி நேரம் முழுவதும் கைப்பேசி கூடாது. "ரீசஸ்ல எல்லாரும் பேசிக்கிறோம்மா" என்று அவளே சொன்னாள். வீட்டில் இரவு கைப்பேசிகள் ஹாலில்தான் சார்ஜ் ஆகும். என்னுடையதும் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. இருவருக்கும் தூக்கம் சீக்கிரம் வருகிறது.

சாதாரணச் சோர்வுக்கு இவை போதும். ஆனால் நாள்கணக்கில் தூக்கமில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் செட்டிங்ஸை மாற்றிச் சரிசெய்ய முடியாது. 2025இல் தொடங்கிய சிங்கப்பூரின் தேசிய மனநல உதவி எண் 1771 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. தயங்காமல் அழையுங்கள், பேசக் கூச்சமாக இருந்தால் வாட்ஸ்அப்பிலும் எழுதலாம்.