க்ளாப்புக்கு அடுத்து யார் என்று பார்க்க ஃபுட்பால் மேனேஜர் 2024 வாங்கிய கதை

இந்த விமர்சனம் ரொம்பத் தாமதம்தான், தெரியும். ஃபுட்பால் மேனேஜர் 2024 வெளிவந்தது 2023 நவம்பரில். நான் வாங்கியது அடுத்த ஜனவரி கடைசியில், அதுவும் கேம் ஆடும் ஆசையில் இல்லை, ஒரு சண்டையைத் தீர்க்க. 2024 செப்டம்பரில் எபிக் என்ற ஆன்லைன் கேம் கடையில் இதை ஒரு வாரம் சும்மாவே கொடுத்தார்கள் என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் வயிறு எரியும். அடுத்து வர வேண்டிய ஃபுட்பால் மேனேஜர் 2025ஐ 2025 பிப்ரவரியில் மொத்தமாகவே ரத்து செய்துவிட்டதால், கொடுத்த காசுக்கு ஒரு வருடம் கூடவே உழைத்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சண்டை இதுதான். 2024 ஜனவரி 26, குடியரசு தின லீவு. சாயங்கால டீ நேரத்தில், இந்த சீசனோடு லிவர்பூலை விட்டுப் போகிறேன் என்று அந்த இங்கிலாந்து கால்பந்து கிளப்பின் மேனேஜர், அதாவது தலைமைக் கோச், யூர்கன் க்ளாப் பேசிய வீடியோ வந்து விழுந்தது. சக்தி தீர்ந்துகொண்டே வருகிறது என்று மனுஷன் அவர் வாயாலேயே சொல்கிறார். 2015 அக்டோபரில் வந்தவர். 2019இல் சாம்பியன்ஸ் லீக், 2020இல் முப்பது வருடக் காத்திருப்புக்குப் பிறகு லீக் பட்டம், அதற்கு முந்தின சீசனில் 97 புள்ளி எடுத்தும் ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தைக் கோட்டை விட்ட கொடுமை, எல்லாவற்றையும் அவரோடு சேர்ந்து பார்த்தவர்கள் நாங்கள், காலேஜ் ஹாஸ்டல் கூட்டாளிகள் ஐந்து பேர். முதல் அரை மணி நேரம் வாட்ஸ்அப் குழுவில் அழுகை பொம்மை மட்டும்தான். அப்புறம் ஒருத்தன் "சரி, அடுத்து யாரு?" என்று கேட்டான், எழவு வீட்டில் பந்தி எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற பெரியப்பா மாதிரி. அந்தக் கேள்வியோடு நாலு மாசம் ஓடியது.

எனக்கு எங்கள் பழைய ஆட்டக்காரர் சாபி அலோன்சோ. பெரிய அலசல் எல்லாம் இல்லை. 2005 இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் லிவர்பூலுக்காக அவர் அடித்த பெனால்டியை மிலன் கீப்பர் தடுத்தார், திரும்பி வந்த பந்தை அவரே ஓடிப் போய் உள்ளே தள்ளினார் பாருங்கள், அந்த ஒரு காட்சி போதும். இப்போது மேனேஜராகி, அந்த சீசனில் லெவர்குசன் கிளப்பை ஜெர்மனியில் தோல்வியே இல்லாமல் நடத்திக்கொண்டும் இருந்தார். தூத்துக்குடிக்காரனுக்கு போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப் மேனேஜர் ரூபன் அமோரிம்தான் வேண்டும். பெங்களூர்க்காரன் பிரைட்டன் கிளப் மேனேஜர் டி செர்பி பக்கம். நாலாமவன் ஒரே ஒரு முறை எங்கள் பழைய கேப்டன் ஜெரார்டு பெயரை எடுத்தான், நாங்கள் பார்த்த பார்வையில் அப்புறம் எடுக்கவில்லை. ஐந்தாமவன் யார் பெயரையும் சொல்லாமல், "கேம்ல போட்டு ஓட்டிப் பாருங்கடா, தெரிஞ்சிடும்" என்றான். காசு செலவழித்தது என்னவோ நான்தான்.

தெரியாதவர்களுக்கு: இதில் நீங்கள் பந்தை உதைக்க மாட்டீர்கள். நீங்கள் மேனேஜர். மெயில் படிப்பீர்கள், பயிற்சி அட்டவணை போடுவீர்கள், ஆள் வாங்குவீர்கள், பேரம் பேசுவீர்கள், மேட்ச் நடக்கும்போது கையைப் பிசைந்துகொண்டு திரையைப் பார்ப்பீர்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஆபிஸ் எக்செல் ஷீட் மாதிரிதான் இருக்கும். 1992இல் வேறு பெயரில் தொடங்கிய வரிசை இது. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் வேகம், பாஸ், துணிச்சல் என்று வரிசையாக 1 முதல் 20 வரை மதிப்பெண் உண்டு, மேனேஜர்களுக்கும் உண்டு. அந்தத் தகவல் கிடங்கு சும்மா இல்லை. 2008இல் எவர்ட்டன் கிளப்பே ஆள் தேட இதைப் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது. எவர்ட்டனும் லிவர்பூல் ஊர்க் கிளப்தான், எங்களுக்கு எதிர் வீட்டுக்காரன், அதனால் இதைச் சொல்லும்போது கொஞ்சம் கசக்கிறது.

சரி, சோதனைக்கு வருவோம். தனியாகக் காசு கொடுத்து வாங்கும் எடிட்டர் ஒன்று இருக்கிறது. அதை வைத்து க்ளாப்பைத் தூக்கிவிட்டு அலோன்சோவை லிவர்பூலில் உட்கார வைக்கலாம். அப்புறம் "விடுமுறையில் போ" என்று ஒரு பொத்தான், அதை அழுத்தினால் நீங்கள் இல்லாமலே கேம் தானாக ஒரு சீசனை ஓட்டி முடிக்கும். என் லேப்டாப் பழசு, மிக்ஸியில் சட்னி அரைக்கிற சத்தத்தோடு ஒரு சீசனை முடிக்க ராத்திரி முழுக்க எடுத்துக்கொண்டது. காலையில் எழுந்து பார்த்தால் அலோன்சோ இரண்டாம் இடம். குழுவில் வெற்றி ஊர்வலமே நடத்தினேன். தூத்துக்குடிக்காரன் "இன்னொரு வாட்டி ஓட்டு" என்றான். அதே அலோன்சோ, அதே அணி, இந்த முறை ஆறாம் இடம். அமோரிம் ஒரு ஓட்டத்தில் பட்டம், அடுத்ததில் கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே வேலை காலி. டி செர்பியை ஓட்டிப் பார்க்கப் பொறுமை இல்லை. பத்துப் பதினைந்து முறை ஓட்டினால் ஏதாவது தெளிவு வந்திருக்கலாம், ஆனால் எனக்கு வேலைக்கும் போக வேண்டும். சண்டையைத் தீர்க்கும் கருவியாக இது படு தோல்வி, அவனவன் தனக்குச் சாதகமான ஓட்டத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டான்.

இரண்டாவது ஓட்டத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். க்ளாப்பைத் தூக்கினோமே, அவர் வேலை இல்லாமல் அந்த உலகத்தில் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறார் என்பதை மறந்துவிட்டோம். பிப்ரவரி மாதச் செய்திகளைப் புரட்டினால் ஒரு வரி: மேன் யூஎஃப்சியின் புதிய மேனேஜராக யூர்கன் க்ளாப். உரிமைத் தகராறால் எங்கள் பரம எதிரி மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு இந்தக் கேமில் அப்படித்தான் பெயர். ஸ்க்ரீன்ஷாட்டைக் குழுவில் போட்டதும் நாலாமவன் குழுவை விட்டே வெளியேறிவிட்டான். கேம்தானேடா என்று சமாதானம் சொல்லித் திரும்பச் சேர்க்க இரண்டு நாள் ஆனது. கேமில் சேமித்து வைத்திருந்த அந்த ஓட்டத்தை (‘சேவ்’ என்பார்கள்) அழித்துவிட்டேன்.

விடுமுறை வித்தை சரிப்படாததால் நானே மேனேஜராக உட்கார்ந்து ஆட ஆரம்பித்தேன். இங்கேதான் கேம் தன் உண்மையான வேலையைக் காட்டியது. தூத்துக்குடிக்காரனைக் கடுப்பேற்ற அமோரிம் பாணியை முதலில் எடுத்தேன்: பின்னால் மூன்று பேர், இரண்டு ஓரமும் ஏறி இறங்க ஆளுக்கொரு விங்பேக். லிவர்பூல் அணியை அதற்குள் அடைக்கப் பார்த்தபோதுதான் புரிந்தது. இடது ஓரம் முழுக்க ஓட ராபர்ட்சனை விட்டால், இடது விங்கர் லூயிஸ் டியாஸ் நிற்பதற்கு இடமே இல்லை. உள்ளே தள்ளி நிறுத்தினால் பாதி ஆள் ஆகிவிடுகிறார், பெஞ்சில் வைத்தால் மூன்றாவது வாரமே "எனக்கு ஆட வாய்ப்பு வேண்டும்" என்று என் அறைக்கு வந்து நிற்கிறார். திரையில் ஒரு உரையாடல் பெட்டியைத் திறந்து சமாதானம் சொன்னால் இன்னொரு பெட்டியில் வேறொருவர் முறைக்கிறார். அணியைப் பார்க்காமல் மேனேஜரை மட்டும் வைத்துப் பேசியது எவ்வளவு வெட்டிப் பேச்சு என்று அந்த ராத்திரி ஒன்றரை மணிக்கு எனக்கு உறைத்தது.

உடனே குழுவில் பெரிய கட்டுரையே எழுதினேன், மூன்று பேர் வைத்து ஆடும் ஆள் நமக்கு ஒத்துவராது என்று. பெங்களூர்க்காரன் ஒரே வரியில் பதில் போட்டான்: "உங்க அலோன்சோவும் மூணு பேர்தான் மச்சி." உண்மைதான். லெவர்குசனில் அவருக்கு ஓரத்தில் ஓட கிரிமால்டோவும் ஃப்ரிம்பாங்கும் இருந்தார்கள், எங்களுக்கு இல்லை. ஞாயிறு தோறும் அந்த அணியைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் நான், இது ஏன் என் மண்டையில் ஏறவில்லை? இஸ்தான்புல் மறைத்துவிட்டது, வேறென்ன.

அதற்கப்புறம் மார்ச் 29, பெரிய வெள்ளி, லெவர்குசனிலேயே இருக்கப் போகிறேன் என்று அலோன்சோ சொல்லிவிட்டார். கோயிலுக்குப் போயிருந்த தூத்துக்குடிக்காரன் வெளியே வந்து செய்தியைப் பார்த்துவிட்டு எனக்கு அனுதாபம் சொல்லத் தொலைபேசியே போட்டான், அதில் அனுதாபம் கொஞ்சம், சிரிப்பு நிறைய. அடுத்த மாசம் அவன் ஆளுக்கும் அதே கதி. கடைசியில் வந்தவர் நெதர்லாந்தின் ஃபெயனூர்டு கிளப் மேனேஜர் ஆர்னே ஸ்லாட், ஐந்து பேரில் ஒருத்தன் வாயிலும் வராத பெயர். கேமில் தேடிப் பார்த்தோம். பின்னால் நாலு பேர், முன்னால் அழுத்தம், ஓரத்தில் விங்கர்கள், அதாவது இருக்கிற அணியை அப்படியே எடுத்து ஓட்டக்கூடிய ஆள். ஒன்றரை மாசம் கேமைக் கிண்டி நான் கண்டுபிடித்த அதே காரணம்தான், ஆனால் அதை வைத்து ஆளைத் தேட எனக்குத் தெரியவில்லை. அவருடைய அணியில் காயம் குறைவு என்பதும் அப்போது பேசப்பட்டது. கேமில் மருத்துவப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது, யார் உடம்பு எந்த அளவுக்குத் தாங்கும் என்று சிவப்பு மஞ்சளில் காட்டும். நான் அதைத் திறந்ததே கிடையாது.

இன்னொன்று. நான் ஆடிய எல்லா சேவிலும் முதல் வேலையாக நடுக்களத் தடுப்புக்கு ஆள் வாங்கினேன். ஸ்லாட்டும் 2024 கோடையில் அந்த இடத்துக்கு சுபிமெண்டி என்ற ஸ்பெயின்காரரைக் கேட்டார்தான், அவர் வர மறுத்துவிட்டார். உடனே பெஞ்சில் பாதி நாள் உட்கார்ந்திருந்த க்ராவன்பெர்கை அந்த இடத்தில் நிறுத்தினார். 2025 ஏப்ரல் 27இல் டாட்டன்ஹாமை 5-1 என்று அடித்து, நாலு மேட்ச் மீதி இருக்கும்போதே லீக் பட்டம். க்ராவன்பெர்க் என் சேவிலும் இருந்தார். கடனுக்கு அனுப்பிவிட்டேன்.

கேமில் எனக்குப் பிடிக்காதது பத்திரிகையாளர் சந்திப்பு. அதே கேள்விகள் சுற்றிச் சுற்றி வரும், பத்து மேட்சில் துணைக் கோச்சிடம் தள்ளிவிடுவீர்கள். உடை மாற்றும் அறைப் பேச்சு அதைவிட மோசம், விரலை நீட்டலாம், கையை இடுப்பில் வைக்கலாம், தண்ணீர் பாட்டிலை எறியலாம், எல்லாம் ஒரு பட்டியலிலிருந்து பொறுக்குவது. எங்கள் மைதானமான ஆன்ஃபீல்டில் ஜெயித்த பிறகு க்ளாப் ரசிகர்கள் பக்கம் நடந்து போய் மூன்று முறை முஷ்டியை ஓங்குவாரே, அதற்கு இங்கே பொத்தான் இல்லை. கடைசி மேட்ச் முடிந்து, மைக்கைப் பிடித்து, அடுத்து வருகிறவரின் பெயரை அவரே பாடிக் காட்டி மொத்த மைதானத்தையும் பாட வைத்தார். எங்கள் நாலு மாசச் சண்டை அந்த ஒரு நிமிடத்தில் முடிந்துபோனது. அதற்கெல்லாம் 1 முதல் 20க்குள் எத்தனை மதிப்பெண் போடுவது?

வாங்கலாமா என்றால், தள்ளுபடியில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். வீரர் பட்டியல் 2023-24 சீசனோடு நிற்கிறது, அது உறுத்தும். நல்ல லேப்டாப் வேண்டும் என்பதில்லை, பொறுமை வேண்டும். முதல் பத்து மணி நேரம் எது எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே போய்விடும். எடிட்டருக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள், என்னை மாதிரி கிறுக்குச் சண்டை எதுவும் இல்லாவிட்டால். யார் மேனேஜராக வர வேண்டும் என்று கூட்டாளிகளோடு கத்திக்கொண்டிருப்பவர்கள் ஒரு சீசனாவது நேர்மையாக ஆடிப் பார்த்துவிட்டுக் கத்தலாம்.

இதைக் கிளப்பிவிட்ட ஐந்தாமவன் இலவசமாகக் கொடுத்தபோது வாங்கினான், ஸ்லாட் வந்து சேர்ந்த பிறகு. அவன் லிவர்பூலை எடுக்கவில்லை. ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் டிரான்மியர் ரோவர்ஸை எடுத்து நாலாவது டிவிஷனில் மெதுவாக உருட்டிக்கொண்டிருக்கிறான், எடிட்டர் எதுவும் இல்லாமல். போன வாரம் கேட்டேன். அவன் உலகத்தில் இப்போது 2029. க்ளாப் இன்னும் ஆன்ஃபீல்டில்தான் இருக்கிறாராம், லீக்கில் ஏழாவது இடமாம், யாரும் துரத்தவில்லையாம்.