குளிர்ப்பெட்டியில் வரவேண்டிய ஊசி வெயிலில் தொங்கியது; 480 வெள்ளி போனது

சிறுநீரக நோயாளிகளுக்கான எரித்ரோபொயட்டின் ஊசியை இணையத்தில் வாங்குபவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். மருந்துகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஓர் இணையக் கடையிடம் நேற்று 480 சிங்கப்பூர் வெள்ளியை இழந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை.

நலமான சிறுநீரகம் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து எரித்ரோபொயட்டின் என்ற இந்த ஹார்மோனைச் சுரக்கும். அது எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களை உருவாக்க வைக்கும். அம்மாவின் பழுதடைந்த சிறுநீரகத்தால் அது முடியாததால், இந்த ஊசி இருந்தால்தான் அவரால் மூச்சு வாங்காமல் தேக்கா சந்தைக்குப் போய்வர முடிகிறது. இது புரதம், விழுங்கினால் செரித்துவிடும் என்பதால்தான் ஊசியாகப் போடுகிறார்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும், உறையவிடவோ குலுக்கவோ கூடாது.

இதையெல்லாம் நான் சொல்லும் முன்பே அந்தக் கடை ஊழியர் சொன்னார். மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கினார், அம்மாவின் ஹீமோகுளோபின் அளவையும் இரும்புச்சத்து அளவையும் அக்கறையோடு விசாரித்தார், "குளிர்ப்பெட்டியில் வைத்து உங்கள் கையில்தான் கொடுப்போம், அக்கா" என்று தமிழிலேயே உறுதியளித்தார். அந்தப் பேச்சை நம்பித்தான் 480 வெள்ளியையும் முன்கூட்டியே செலுத்தினேன்.

ஆனால் விநியோக ஊழியர் நண்பகலில் மணிகூட அடிக்காமல், ஊசிகள் இருந்த பிளாஸ்டிக் பையை எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் இரும்புக் கதவில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் வேலை முடிந்து வரும்வரை அது வெயில் நேராக விழும் தாழ்வாரத்திலேயே தொங்கியது. பையில் ஒரு குளிர்க்கட்டிகூட இல்லை. வெப்பத்தில் வீரியம் குறைந்த மருந்து பார்வைக்கு மாறாமலே இருக்கக்கூடும் என்பதால் பயன்படுத்த வேண்டாம் என்று மருத்துவமனைத் தாதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கடையை அழைத்தால் விநியோக நிறுவனத்தைக் கேட்கச் சொன்னார்கள்; அந்த நிறுவனமோ கடையைக் கைகாட்டியது. மீண்டும் கேட்டபோது, குளிரில் வைக்க வேண்டிய மருந்தைத் திரும்பப் பெறுவதில்லை என்றார்கள். அந்தக் குளிரைக் காக்கத் தவறியவர்களே அவர்கள்தானே! அன்பாகப் பேசிய ஊழியர் இப்போது என் குறுந்தகவல்களைப் படித்துவிட்டுப் பதில் தராமல் இருக்கிறார். 480 வெள்ளி எங்களுக்குச் சிறு தொகையன்று. அம்மாவின் ஊசி தள்ளிப்போனதை அதைவிடவும் பொறுக்க முடியவில்லை.

விரிவாக ஆலோசனை எழுத எண்ணியிருந்தேன், ஆனால் பயனீட்டாளர் சங்கத்துக்கு முறையீடு எழுத வேண்டியிருக்கிறது. பணம் கட்டும் முன் குளிர்ப்பெட்டியையும் நேரடி ஒப்படைப்பையும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பையைத் திறக்கும்போதே காணொளி எடுங்கள். வெதுவெதுப்பாக வந்த ஊசியை மீண்டும் குளிரவைத்துப் போடாதீர்கள், மருந்தாளரைக் கேளுங்கள். முடிந்தால் மருத்துவமனை மருந்தகத்தில் நேரில் சென்றே வாங்குங்கள்.