வீட்டுத் தீர்வை அம்மா பேருக்கு மாறின கதை

மஸ்கட்டுக்குப் போய் 19 வருடம் ஆகிறது. வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவேன். கல்யாணவீடு, கோயில், சொந்தக்காரர் வீடு என்று நாள் ஓடிவிடும். 2025 ஜூலையில் வந்தபோது மட்டும் ஐந்து வார லீவும் அலுவலகங்களுக்கே சரியாகப் போனது. முந்தின ஐப்பசியில் அப்பா தவறிவிட்டார். வீட்டுத் தீர்வை (சொத்து வரி), கரண்டு, குடிநீர், ரேஷன் கார்டு எல்லாமே அவர் பெயரில் நின்றது. அம்மா அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். தம்பி பெங்களூரில். எதற்காவது ஒரு கையெழுத்து வேண்டுமென்றால் அவள் எங்கள் இருவரில் ஒருவருக்குப் போன் போட வேண்டியிருந்தது. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

திருவனந்தபுரத்தில் இறங்கி, முப்பந்தல் காற்றாடிகளைத் தாண்டி, நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலியில் எங்கள் வீடு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. வீடு ஜங்ஷனை ஒட்டி, ஆற்றங்கரைப் பக்கம். சாப்பிட்டு முடித்ததும் அம்மா அப்பாவின் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம் எல்லாம் ஏறிவந்தது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. அப்பாவும் அம்மாவும் மாடிக்கு ஏறிவிட்டார்கள். பெட்டியை அப்பா மேலே கொண்டுபோய்விட்டார். ஆனால் தீர்வை ரசீதுகள் கீழே மேசை டிராயரில் இருந்திருக்கின்றன. தண்ணீர் வடிந்த பிறகு அம்மா அவற்றைக் கொடியில் துணிகாயப் போடுகிற கிளிப்பை மாட்டிக் காயவைத்திருக்கிறாள். ஒவ்வொரு ரசீதின் கீழ்ப்பாதியிலும் டீ கொட்டின மாதிரி ஒரு பழுப்புக் கோடு. குண்டூசி இருந்த இடமெல்லாம் துருப்பிடித்து ஓட்டை. வரிவிதிப்பு எண் மட்டும் மேல்பாதியில் அச்சாகியிருந்ததால் தப்பித்தது. அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் இணையத்தில் எடுத்தேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் அம்மா அப்பா வீட்டு வரிவிதிப்பு எண், மின் இணைப்பு எண், குடிநீர் இணைப்பு எண் மூன்றையும் இன்றைக்கே ஒரு படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறப்புச் சான்றிதழில் பிரச்சினை இல்லை. மரணம் எந்த ஊர் எல்லைக்குள் நடந்ததோ அங்கேதான் பதிவாகும். அப்பா மாநகருக்குள்ளேயே ஆஸ்பத்திரியில் தவறியதால் மாநகராட்சியில் பதிவாகியிருந்தது. தமிழ்நாடு பிறப்பு இறப்புப் பதிவுத் தளத்தில் மஸ்கட்டில் இருந்தே, காசு எதுவும் கட்டாமல், கியூஆர் குறியீட்டோடு இறக்கிக்கொண்டேன். அடுத்தது வாரிசுச் சான்றிதழ். அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

பிப்ரவரியிலேயே அம்மா ஒரு தனியார் கணினி மையத்தில் போய் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். அரசு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் ஆகிற வேலைக்கு அவளிடம் 600 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அதோடு விட்டிருந்தால் போகிறதென்று விடலாம். அப்பா பெயரில் ஒரு எழுத்தைத் தவறாக அடித்து அனுப்பியிருந்தார்கள். விண்ணப்பம் தள்ளுபடி. அந்தச் செய்தியும் யாருக்கும் வந்து சேரவில்லை, காரணம் போன் நம்பர்.

அம்மாவின் ஆதாரில் இருந்தது அப்பாவின் நம்பர். "எல்லாத்துக்கும் ஒங்க அப்பா நம்பரத்தான குடுத்திருக்கு" என்றாள். அப்பா போன பிறகு அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்யவில்லை. சில மாதத்தில் இணைப்பே போய்விட்டது. ஓடிபி எல்லாம் இல்லாத ஒரு போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. என் ஓமன் நம்பரைக் கொடுத்துப் பார்த்தேன். அதில் எட்டு இலக்கம், கட்டத்தில் பத்து கேட்டது. வீட்டில் ஒருவர் தவறினால் அவர் சிம்மை ஒரு வருடமாவது உயிரோடு வைத்திருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மாதம் ஆகிற ரீசார்ஜ் காசு, பிறகு அலைகிற ஆட்டோ காசில் ஒரு நாளுக்குக்கூடக் காணாது.

ஆதாரில் நம்பர் மாற்ற அப்போது ஆள் நேரில் போக வேண்டியிருந்தது, ரேகை வைக்க வேண்டியிருந்தது. தபால் நிலையத்திலேயே ஆதார் சேவை இருக்கிறது, அப்போது கட்டணம் 50 ரூபாய். காலையிலேயே போய் டோக்கன் வாங்கினோம். அம்மா முக்கூடல் பக்கத்துக்காரி, இருபது வருடத்துக்கு மேல் பீடி சுற்றியவள். விரல் நுனி வழவழவென்று இருக்கும். இயந்திரம் அவள் ரேகையை எடுக்கவே இல்லை. முதல் தடவை, இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை. பின்னால் நின்றவர்கள் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். மேசையில் இருந்த பெண் எழுந்து வந்து, ஈரத்துணியால் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, காயவைத்து, அழுத்திப் பிடித்தாள். "பீடி சுத்துனவங்களாம்மா? எங்க அம்மையும் அப்படித்தான்" என்றாள். இடது கை மோதிர விரலில் பச்சை விளக்கு எரிந்தது. அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

நம்பர் மாற ஒரு வாரம். அதன்பிறகு தாலுகா அலுவலகத்து இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பம் போட்டோம். குடிமக்கள் கணக்கு எண் உருவாக்கினார்கள், அம்மாவின் போனுக்கே ஓடிபி வந்தது. அம்மாவே எண்ணை வாசித்துச் சொன்னாள்.

விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேலே போகும். கிராம நிர்வாக அலுவலர் தெருவுக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவர், "கட்டிக் குடுத்த பிள்ள பேரும் போடணுமாக்கும்?" என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, ஊரில் அப்படியே பழகிவிட்டது. "போடாம விட்டாத்தான் தப்பு அண்ணாச்சி" என்று அதிகாரி அமைதியாகச் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் போனால், மகளுக்கும் சமபங்கு என்று 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது, நாடு முழுக்க 2005-ல். எனக்குப் பங்கு வேண்டுமென்று இல்லை, வீடு அம்மாவுக்குத்தான். ஆனால் சான்றிதழில் என் பெயர் இல்லாவிட்டால் நான் அம்மாவுக்குச் சம்மதம் எழுதிக் கொடுக்கவே முடியாது. பெயரை விட்டுவிட்டு வாங்கிய சான்றிதழால் பிறகு கோர்ட்டுக்கு அலைகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜூலை முடிவதற்குள் சான்றிதழ் வந்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் எங்கள் வார்டுக்கு 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம். ஜூலை 15-ல் தொடங்கிய முகாம்கள் இவை. நகரப் பகுதியில் 13 துறைகளின் 43 சேவைகளுக்கு ஒரே இடத்தில் மனு வாங்கினார்கள். 45 நாளில் தீர்வு என்று அரசு அறிவித்திருந்தது. முன்கூட்டியே தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து படிவம் கொடுத்திருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் போய்ப் பார்த்தால் பெண்கள் கூட்டம். பெரும்பாலும் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்க வந்தவர்கள். தீர்வையை அம்மா பேருக்கு மாற்ற நாங்கள் போன மாநகராட்சி மேசையில் ஆள் குறைவு, எங்கள் முறை சீக்கிரம் வந்தது.

அங்கே இருந்த இளைஞர் எங்கள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்தார். படித்தார் என்பதை நான் அழுத்தித்தான் சொல்கிறேன். பத்து நிமிடம் ஆனது. கடைசியில் ஒரு வெள்ளைத் தாளில் என்னென்ன குறை என்று எழுதிக் கையில் கொடுத்தார். வரி ரசீதில் அப்பாவின் முதலெழுத்து தமிழில் 'சு'. இறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் 'எஸ்'. ஆதாரில் தாத்தா பெயர் முழுசாக முன்னால் நிற்கிறது. கணினிக்கு இது மூன்று ஆள். மூன்றும் ஒருவரே என்று நோட்டரி முன்பாக ஒரு பிரமாணப் பத்திரம், நானும் தம்பியும் ஆட்சேபணை இல்லை என்று சம்மதக் கடிதம், நிலுவை இல்லாத வரி ரசீது, பத்திர நகல். "இந்த நாலையும் கொண்டுவாங்க மேடம், அஞ்சாவதா ஒண்ணு கேக்க மாட்டோம்" என்றார். சாயங்காலம் வரை முகாம் இருக்கும் என்பதையும் சொன்னார்.

பாளையங்கோட்டை கோர்ட் பக்கம் ஓடினேன். டைப் அடித்து, நோட்டரி முத்திரை வாங்கியாயிற்று. தம்பியின் கடிதம் முந்தின வாரமே கூரியரில் வந்திருந்தது. மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது அதே இளைஞர், சாப்பிட்டும் சாப்பிடாமலும் மேசையில் இருந்தார். வாங்கிக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்.

19 வருடமாக வெளிநாட்டு அலுவலகங்களில் நின்று பழகினவள் நான். கட்டடம், ஏசி, டோக்கன் மிஷின் எல்லாம் இப்போது நம் ஊரிலும் வந்துவிட்டது. பல வருடம் வேலை நடந்து 2024-ல் திறந்த ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நானே அசந்துபோனேன். ஆனால் என்னென்ன வேண்டும் என்பதை ஒரே தடவையில் முழுசாகச் சொல்லுகிற ஒரு ஆள் கிடைத்ததுதான் எனக்குப் பெரிய சேவையாகப் பட்டது. அம்மா தனியாகப் போயிருந்தாலும் அந்த வெள்ளைத் தாள் அவளுக்குக் கிடைத்திருக்கும், அவளும் முடித்திருப்பாள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. தீர்வை ரசீதில் பெயர் மாறினால் வீடே அவர் பெயருக்கு வந்துவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். அது வரி கட்டுவதற்கான பெயர் மட்டும்தான். உரிமை முழுசாக மாற, மற்ற வாரிசுகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும்; பட்டாவும் தனியாக மாற வேண்டும். பத்திரத்துக்குத் தம்பியும் நானும் ஒரே நேரத்தில் ஊரில் இருக்கிற நாளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வரி விஷயத்தில் இன்னொரு தகவல். தீர்வை அரையாண்டுக்கு ஒரு தடவை. அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 30-க்குள்ளும் கட்டினால், 5 சதவீதம் ஊக்கத்தொகை கழிப்பார்கள், உச்சம் 5,000 ரூபாய். அப்பா ஏப்ரல் முதல் வாரமே கட்டிவிடுகிற ஆள். 2025 ஏப்ரல் எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. அக்டோபருக்குப் போனில் அலாரம் வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமைகளில் மாநகராட்சியில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில். 1994-ல் நெல்லை, பாளை, மேலப்பாளையம், தச்சநல்லூர் சேர்ந்து மாநகராட்சி ஆனது. இப்போது 4 மண்டலம், 55 வார்டு. தெருமுனை விளக்கு எரியவில்லை என்று அம்மா ஒரு செவ்வாய்க்கிழமை மனு கொடுத்தாள், நான் கூடப் போனதோடு சரி. நாலாம் நாள் ஏணி வண்டி வந்தது.

காலையில் பேட்டரி வண்டியில் வருகிற தூய்மைப் பணியாளர் அக்காவை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். மக்கும் குப்பை ஒரு வாளி, மக்காதது ஒரு வாளி. வெள்ளம் வடிந்த வாரத்தில் முழங்கால் சேற்றை அள்ளிப் போட்டு எங்கள் தெருவை மீட்டவர்கள் இந்த அக்காவும் அவரோடு வந்தவர்களும்தான். அப்பா அவர்களுக்குப் பெரிய தூக்குவாளியில் காப்பி போட்டுக் கொடுக்கச் சொன்னாராம். மழை நேரத்தில் அந்தக் காலுக்கு நல்ல பூட்ஸும் கைக்கு உறையும் வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை மனுவில் அதையும் எழுதச் சொல்லி அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் நடுவில் மஸ்கட் திரும்பிவிட்டேன். செப்டம்பரில் ஒரு நாள், நான் வேலையில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து போன். "ஏளா, மெசேஜு வந்திருக்கு. பக்கத்து வீட்டுப் பையன் ரசீத எடுத்துத் தந்தான். எம் பேரு போட்டிருக்கு" என்றாள். தன் பெயரை ரசீதில் இருக்கிறபடியே ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். முதலெழுத்து சரியாக இருக்கிறதா என்று நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள்.

குடிநீர் இணைப்பு இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது, அடுத்த லீவில் வந்து பார்க்கிறேன் என்றேன்.

"அதுக்கு எதுக்கு நீ வரணும்? ரசீது, நோட்டரி தாளு எல்லாம் எங்கிட்டத்தான இருக்கு. செவ்வாக்கிழம நானே போய்க் குடுத்துக்கிடுதேன்."