வேலூர் பக்கம் சுகர் கிளைடர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் போடுங்கள்

சமூக வலைத்தளத்தில் விளம்பரம் போட்டு, முழுப் பணத்தையும் யுபிஐயில் முன்னாடியே வாங்கிக்கொண்டு, ஆம்னி பஸ்ஸில் பார்சலாகக் குட்டி அனுப்புகிற ஒரு விற்பனையாளரிடம் நாங்கள் ஒரு சுகர் கிளைடர் (மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து தாவும், உள்ளங்கையளவு செல்லப்பிராணி) வாங்கினோம். “பன்னெண்டு வாரக் குட்டிண்ணா, கையிலயே வளர்ந்தது, வந்த அன்னிக்கே தோள்ல ஏறிக்கும்” என்றார். அட்டைப் பெட்டியைத் திறந்தால், தாயிடமிருந்து பிரிக்கவே கூடாத வயதில் ஒரு குட்டி.

ஏமாற்று அந்த வாரக் கணக்கில்தான் இருக்கிறது. சுகர் கிளைடர் கங்காரு மாதிரி பை விலங்கு. குட்டி பிறந்ததும் சுமார் 70 நாள் தாயின் வயிற்றுப் பைக்குள் இருக்கும். வயதை எண்ண வேண்டியது பையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து. அப்படி எண்ணி 8 வாரமாவது, முடிந்தால் 12 வாரம், தாயோடு இருக்க வேண்டும். பிறந்த நாளிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு வாரம் என்பது 84 நாள். பையில் இருந்த 70 நாளைக் கழித்தால் மிச்சம் இரண்டே வாரம். கண் திறந்தே சில நாள்தான் ஆகியிருக்கும். “பையிலிருந்து எந்தத் தேதி வெளியே வந்தது?” என்று கேளுங்கள். தேதி சொல்லத் தடுமாறுகிறவரிடம் வாங்காதீர்கள். வீடியோவில் வாலைப் பாருங்கள்: புசுபுசுவென்று இல்லாமல் ஒட்டிய முடியோடு மெலிந்து இருந்தால் பால்குடி. உச்சந்தலையில் வழுக்கைப் புள்ளி இருந்தால் அது நோய் இல்லை; வயதுக்கு வந்த ஆணின் வாசனைச் சுரப்பி. அதையும் “குட்டி” என்று தலையில் கட்டுகிறார்கள்.

பால்குடி ஏற்கனவே வீட்டுக்கு வந்துவிட்டதென்றால் பசும்பால் கொடுக்காதீர்கள், பேதியாகும். நாய், பூனைக் குட்டிகளுக்கான பால் பவுடரை வெதுவெதுப்பாகக் கரைத்து, ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சின் நுனியில் சொட்டுச் சொட்டாக நக்க விடுங்கள். வாய்க்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். முதுகுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் நிற்கிறதா? நீர் வற்றிவிட்டது, அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். நாய், மாடு பார்க்கிற எல்லோரும் இதைப் பார்க்க மாட்டார்கள். வாங்குவதற்கு முன்பே போன் செய்து கேட்டு வையுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

அடுத்த பொய் சாப்பாடு. “செரிலாக், தேன், ஆப்பிள் போதும்ணா.” இதை நம்பினால் சில மாதத்தில் பின்னங்கால் இழுத்துக்கொள்ளும். காரணம் கால்சியம் பற்றாக்குறை. உணவில் பாஸ்பரஸைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கால்சியம் வேண்டும். பப்பாளியில் அந்த அளவு இயல்பாகவே இருக்கிறது, மக்காச்சோளத்தில் தலைகீழ். மீல்வார்ம், வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளிலும் பாஸ்பரஸ்தான் அதிகம், அதனால் பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் பவுடரைத் தூவித்தான் கொடுக்க வேண்டும். புரதத்துக்கு உப்பில்லாத வெந்த முட்டை. வெங்காயம், பூண்டு, சாக்லேட் அறவே கூடாது. புது வீட்டில் உணவை ஒரே நாளில் மாற்றாமல், பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். கிராம் காட்டும் சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். வளர்ந்தது 80 முதல் 160 கிராம் வரை இருக்கும், எடை இறங்கிக்கொண்டே போவதுதான் முதல் அபாய அறிகுறி.

“ஒத்தையா வாங்குனாதான் சீக்கிரம் பழகும்” என்பது எல்லாவற்றிலும் கொடுமையான பொய். கூட்டமாக வாழும் விலங்கு. தனியே கிடந்தால் தன் முடியைத் தானே பிடுங்கும், வாலைக் கடித்துக்கொள்ளும். இரண்டு பெண், அல்லது ஒரு பெண்ணும் கருத்தடை செய்த ஆணும் சரி. ஒரே ஈற்று ஆண்-பெண்ணை “ஜோடி” என்று விற்றால் வாங்காதீர்கள்.

வந்த முதல் இரண்டு மூன்று நாள் கையே வைக்கக் கூடாது. நீங்கள் போட்டுக் கழற்றிய பழைய பனியனில் ஒரு துண்டை அது தூங்கும் துணிப் பைக்குள் வையுங்கள், உங்கள் வாசனை பழகட்டும். நூல் பிரிகிற துணி வேண்டாம், நகம் மாட்டும். பிறகு பகலில், அது தூங்கும்போது, பையோடு எடுத்து மார்போடு இரண்டு மணி நேரம் வைத்திருங்கள். மிக்ஸி ஓடுவதுபோல் கத்தும். அது கோபமில்லை, பயம். பாய்ந்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். கத்தினால் கை விலகிவிடும் என்று கற்றுக்கொள்ளும். விரல் நுனியில் துளி தயிர் தடவி நக்க விடுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பழக வாரக்கணக்கில், சிலதுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

இரவில் வெளியே விடுமுன் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். நம் வீடுகளில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் டிரம், வாளி எல்லாவற்றையும் மூடுங்கள், விழுந்தால் ஏற முடியாது. கூண்டு குறைந்தது 2 அடிக்கு 2 அடி, உயரம் 3 அடி, கம்பி இடைவெளி அரை அங்குலம். அது ஓடி விளையாட என்று விற்பனையாளர் சேர்த்து விற்கும் கம்பிச் சக்கரத்தில் கால், வால் சிக்கும். நடு அச்சு இல்லாத, தட்டையான ஓடுதளம் உள்ள சக்கரமே வேண்டும்.

வேலூர் வெயில் தனிச் சிக்கல். இதற்கு உகந்தது 24 முதல் 27 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் இங்கே 40 தாண்டும். மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், ஷீட் கூரையடியில் வைக்காதீர்கள். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் மேல் வையுங்கள். கோடையில் பஸ் பார்சலில் வரவழைப்பதே கூடாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது “உயிருள்ளதுக்கு ரிட்டர்ன் கிடையாதுண்ணா” என்று சொல்லி நம்பரை பிளாக் செய்துவிட்டார். 2018 செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி செல்லப்பிராணிக் கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பணம் போடுமுன் பதிவு எண்ணையும் ரசீதையும் கேளுங்கள். ஏமாந்திருந்தால் விளம்பரம், சாட், பணம் போன விவரம், பெட்டி திறக்கும் வீடியோ எல்லாவற்றையும் பத்திரமாக வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.