ஹட்டன் குளிரில் ஒரு வீட்டுத் திரை

சில ஆண்டுகளாக, இலங்கை மலையகத்து ஹட்டனில் உள்ள எங்கள் வீட்டில் வார இறுதிப் படங்கள் சுவரில்தான் ஓடுகின்றன. கருவி, சிறிய எல்.இ.டி. புரொஜெக்டர். சிரிப்புப் படங்களுக்கு இதைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். கனமான படங்களுக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

எந்தப் புரொஜெக்டரும் கறுப்பை வீசுவதில்லை. ஒளியைத் தடுத்துத்தான் இருட்டைக் காட்டுகிறது. விலை குறைந்த கருவிகளில் உள்ளிருக்கும் எல்.சி.டி. தகடு ஒளியை முழுதாகத் தடுக்காததால் கறுப்பு சாம்பலாகிவிடுகிறது. 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லி நடுங்கவைக்கும் இடம் பளிச்சென்று வந்தது. அப்பாயி கண்ணில் நீர் வரச் சிரித்தார். பாலாவின் 'பரதேசி' (2013) படத்திலோ, இருண்ட இடங்களில் முகங்கள் கரைந்தன. கங்காணி ஆள் சேர்த்துத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகும் கதை அது. எங்கள் மூத்தவர்களும் அப்படித்தான் இந்த மலைக்கு வந்தார்கள். அந்த முகங்கள் தெரியாமல் அந்தப் படத்தைப் பார்த்து என்ன பயன்?

அதனால் கருவியைச் சுவருக்கு அருகே கொண்டுவந்தோம். படம் சிறிதானது, ஆனால் வெளிச்சம் கூடியது. தெருவிளக்கு எட்டிப்பார்க்கும் ஜன்னலில் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டோம். அதன் பிறகுதான் இருட்டுக்குள் கண்கள் தெரிந்தன. கருவியைச் சாய்த்து வைத்துப் படத்தை நேராக்கும் வசதியைக் கூடியவரை தவிர்க்கிறேன்; ஓரங்கள் மங்கி, துணைத்தலைப்புகளை வாசிக்கச் சிரமமாகிறது.

அடுத்தது சத்தம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை தகரக்கூரையில் இறங்கினால், கருவியோடு வரும் ஸ்பீக்கர் எடுபடாது. மௌனமும் மெல்லிய பேச்சும் உள்ள படங்கள் அந்த மழையில் பாழாகும். தனி ஸ்பீக்கரை வயரில் இணைத்துச் சுவரடியில் வைத்திருக்கிறோம். புளூடூத்தில் உதட்டசைவுக்குப் பின்னால் குரல் வந்தது.

ஈரம்தான் பெரிய எதிரி. லென்ஸில் பூஞ்சை பிடித்தால் எளிதில் போகாது. படம் முடிந்து சூடு ஆறியதும் மூடியுள்ள தகரப்பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்துவிடுகிறேன். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றிவிடுவேன். குளிர்ந்த அறையிலிருந்து அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் வியர்க்கும். அது தானாகத் தெளியும்வரை துடைக்கக் கூடாது.

எங்கள் வழக்கம்: கனமான படம் சனி இரவு, சிரிப்புப் படம் ஞாயிறு மாலை. சனிக்கிழமை பார்த்ததை மறுநாள் பிளேன்டீயோடு பேசித் தீர்க்கலாம். திங்கள் விடியலில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போகிறவர்களை ஞாயிறு இரவு பாரமான கதையோடு படுக்கவைக்க எனக்கு மனம் வருவதில்லை.

வாங்குகிறவர்கள் பெட்டியில் அச்சிட்ட லூமன் கணக்கை, அதாவது வெளிச்ச அளவை, நம்ப வேண்டாம். பொதுத் தர முறையில் அளந்த ஆன்சி (ANSI) லூமன் எவ்வளவு என்று கேளுங்கள். '1080 ஓடும்' (1080 வரிசைப் புள்ளிகள் உள்ள படத்தை ஏற்கும்) என்பதற்கும் கருவியின் சொந்தத் தெளிவு 1080 என்பதற்கும் வித்தியாசம் உண்டு. பல கருவிகளின் சொந்த அளவு 720தான். கடையில் வண்ணமயமான பாட்டைத்தான் போட்டுக் காட்டுவார்கள். விளக்கை அணைக்கச் சொல்லி, ஓர் இரவுக் காட்சியை ஓடவிட்டுப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.